தண்ணீர்த்தாங்கிக்குள் இரண்டு நாள்

இரத்தினவேல் பயந்த மனிதன். பல வருடங்களாக இதைக் கேலியாகச் சொல்லி வந்தேன். இப்போது கேலியாகச் சொல்லவில்லை. ஒஸ்லோவில் இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவன், ஒரு தடவைகூட வேக எல்லையைத் தாண்டியதில்லை. கடிதப் பெட்டியைத் திறந்தால் முதலில் உறையின் மூலையில் அரசாங்கச் சின்னம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பான். அரசாங்கம் கடிதங்களைக் கைப்பேசிக்கு அனுப்பத் தொடங்கியபின் நிலைமை இன்னும் மோசம். அதுவரை வாசலில் நின்ற பயம் சட்டைப்பைக்குள்ளேயே வந்து குடியேறிவிட்டது.

ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே படிக்கட்டு. நானும் அதே பணிமனையில் ஓட்டுநர்தான். பெயர்களை எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன், ஊர்களையும் கொஞ்சம் அங்கே இங்கே நகர்த்தியிருக்கிறேன். கண்டுபிடித்துக் காட்டிக்கொடுத்துப் புண்ணியம் தேடலாம் என்று நினைப்பவர்கள் வேறு வேலை பார்க்கலாம்.

இரத்தினவேலின் ஒரே மகள் தர்மினி பாட்டுக்காரி. பரதமும் வீணையும் படிக்கவென்று புஷ்பமலர், அதாவது அவளுடைய தாய், சனிக்கிழமை தோறும் இழுத்துக்கொண்டு திரிந்தது எல்லாம் வீண். பள்ளித் தோழி ஒருத்தியின் மலைவீட்டுக்கு ஒரு கோடையில் போனவள், அந்தத் தோழியின் தகப்பன் லொறியில் போட்டுக் கேட்கிற கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டில் விழுந்துவிட்டாள். தொப்பி போட்ட ஆட்கள் லொறியையும் நாயையும் விட்டுப்போன பெண்சாதியையும் பற்றிப் பாடுகிற பாட்டு என்று நான் பகிடி பண்ணினேன். "மாமா, அது பாட்டில்லை, கதை. ஒரு ஆளின்ரை கதையை நாலு நிமிசத்திலை சொல்லிறது" என்றாள். அதற்குப் பிறகு கேட்டுப் பார்த்தேன். பிள்ளை சொன்னது சரி.

இருபத்து மூன்று வயதில் அவளுடைய முதல் இசைத்தொகுப்பு வந்தது. ஒன்பது பாட்டு, ஒன்பது ஆட்கள். ஹவுகெட்டோ நிலையத்தில் ரயிலேறாமல் தினமும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற ஒரு கிழவர். யாரோ ஒருவருடைய அலுவலக மேசையில் இருக்கும் குடும்பப் படத்தைத் துடைக்கும்போதெல்லாம் அந்தப் படத்தோடு கதைக்கிற துப்புரவுப் பெண். பனியில் வழிதவறிய லொறிக்காரன். எல்லாம் ஆங்கிலத்தில், ஒரு கிற்றாரும் பின்னால் அழுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போகிற இன்னொரு கிற்றாரும். ஒன்பதாவது பாட்டு என்ன என்று அவள் வீட்டில் சொல்லவில்லை. அப்பாவுக்கு அதிசயமாக இருக்கட்டும் என்று விட்டிருக்கிறாள்.

அதிசயமாகத்தான் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பணிமனை ஓய்வறையில் ஐந்தாறு பேர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். வானொலியில் தர்மினியின் குரல் கேட்டதும் எங்களோடு வேலை செய்யும் யூலியன் பாய்ந்துபோய்ச் சத்தத்தைக் கூட்டினான். "கடைசிப் பாட்டு என் அப்பாவின் கதை" என்று அவள் நோர்வேஜிய மொழியில் சொன்னாள். "அவர் இந்த நாட்டுக்கு ஏன் வந்தார் என்ற கதை. சின்ன வயதில் எனக்கு நித்திரை வர இதைத்தான் சொல்வார்." பிறகு பாடினாள்.

1996. இராணுவம் ஊரைச் சுற்றி வளைக்கிறது. அண்ணனும் தம்பியும் ஒரு நெல்லு மில்லின் வெறும் தண்ணீர்த்தாங்கிக்குள் இறங்கி ஒளிக்கிறார்கள். இரண்டு நாள். தண்ணீர்த்தாங்கிக்குள் இருந்துகொண்டு தண்ணீர் விடாய். இரண்டாம் நாள் தம்பி தண்ணீர் எடுக்க வெளியே போகிறான். 'இரண்டு தட்டுத் தட்டினால் நான்' என்று சொல்லிவிட்டுப் போகிறான். அண்ணன் இருட்டில் காது கொடுத்துக்கொண்டிருக்கிறான். கடைசியில் இரண்டு தட்டுக் கேட்கிறது. தம்பி ஒரு செம்போடு நிற்கிறான். இருவரும் பனங்காட்டுக்கூடாகத் தப்பிப் போகிறார்கள்.

யூலியனின் கண் கலங்கிவிட்டது. இரத்தினவேலின் முதுகில் தட்டி, "உன் கதையா இது? ஒரு நாளும் சொல்லவில்லையே!" என்றான். இரத்தினவேல் சிரிக்க முயன்றான். அவன் கையில் இருந்த கோப்பை சரிந்து, கோப்பி அவனுடைய காற்சட்டையில் ஊற்றியது. கொதிக்கிற கோப்பி, ஆனால் அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

அன்று வேலை முடிந்து என்னுடைய காருக்குள் ஏறியவன், கதவைப் பூட்டச் சொன்னான்.

"அது என்ரை கதை இல்லை மச்சான்."

நான் விளங்காமல் பார்த்தேன்.

"அது என்ரை கேஸ். நான் தண்ணித்தாங்கியைக் கண்ணாலையும் காணேல்லை."

அகதி முகாமில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எல்லோரும் பயத்தில்தான் ஓடி வந்தோம். ஆனால் விசாரணை மேசையில் 'பயம்' என்றால் போதாது; நாள், இடம், நடந்தது என்று ஒரு கதை வேண்டும். அதைத்தான் நாங்கள் கேஸ் என்போம். 1999 இல் வடக்கில் ஒரு முகாமில் இரத்தினவேலோடு ஒரே அறையில் இருந்தவன் ஜெயரத்தினம். தண்ணீர்த்தாங்கிக்குள் இருந்தவன் அவன்தான். ஓர் இரவு அழுதழுது இவனுக்குச் சொல்லியிருக்கிறான். இவனுக்கு விசாரணை முதலில் வந்தது. சொல்ல ஒன்றும் இல்லாமல் போய் உட்கார்ந்தவனின் வாயில் தண்ணீர்த்தாங்கி வந்துவிட்டது.

முகாமில் மூத்தவர்கள் ஒரு புத்தி சொல்லி அனுப்புவார்கள்: கேஸை வீட்டிலும் அப்படியே சொல்லு, பெண்சாதிக்கும் சொல்லு, பிள்ளைகளுக்கும் சொல்லு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். இரத்தினவேல் சொன்ன சொல் கேட்பவன். இருபத்தைந்து வருடம் சொன்னான். தர்மினி அதைக் கேட்டு வளர்ந்தாள்.

"இனி அவங்கள் பழைய கோப்பைத் தோண்டுவாங்கள்" என்றான். "பொய் சொல்லி எடுத்த குடியுரிமை எண்டா எத்தனை வருசம் போனாலும் பறிக்கலாம். எனக்கு ஐம்பத்தாறு வயசு. நான் எங்கை போறது?" அவனுடைய பல் கிட்டியது. ஜூன் மாதம், வெயில்.

"பாட்டைக் கேட்டு ஆர் கோப்பைத் தோண்டுறது? விசரா உனக்கு? கோப்பிலையும் அதே கதைதானே கிடக்கு" என்றேன்.

"ஜெயரத்தினம் கேட்டால்?"

"கேட்டால் என்ன? அவனுக்கும் விசாக் காட் கிடைச்சிருக்கும்தானே."

பிறகு மிச்சத்தைச் சொன்னான். இரண்டு கிழமை கழித்து ஜெயரத்தினம் தன்னுடைய உண்மைக் கதையைச் சொன்னபோது, இதே கதையை இன்னொருவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார், ஆகவே நம்ப முடியாது என்று நிராகரித்து விட்டார்கள். அந்தக் கடிதம் வந்த அன்று ஜெயரத்தினத்தின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னவன் இரத்தினவேல். ஜெயரத்தினம் எட்டு வருடம் விசா இல்லாமல் அலைந்து, பிறகு துரொண்ட்ஹெய்மில் கல்யாணம் கட்டித்தான் நிமிர்ந்தானாம்.

"தம்பிக்காரன்?" என்று கேட்டேன்.

"தண்ணிக்குப் போனவன் திரும்பி வரேல்லை. இண்டு வரைக்கும் இல்லை. என்ரை தம்பி அப்ப கனடாவிலை, அவன்ரை பேரைப் படிவத்திலை எழுதிப்போட்டன். செத்தவன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? அதாலை கதையிலை திரும்பி வரப் பண்ணினனான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறங்கு என்றேன். இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனான். மூன்று நாள் அவனுடைய முகத்தில் நான் முழிக்கவில்லை.

நாலாம் நாள் தர்மினிதான் என் கதவைத் தட்டினாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"மாமா, துரொண்ட்ஹெய்மிலையிருந்து ஒரு மாமா எனக்கு எழுதியிருக்கிறார்! அப்பான்ரை பேர் என்ன, எந்த மோத்தாக்கிலை இருந்தவர் எண்டு கேட்டவர். அப்பாவைத் தெரிஞ்ச ஆள் போலை."

மோத்தாக் என்றால் அந்த அகதி முகாம்தான். "நீ என்ன எழுதினாய்?"

"எல்லாம் எழுதினனான். அப்பான்ரை பேர், முகாம், எல்லாம். கொன்சேர்ட்டுக்கு வாங்கோ எண்டும் சொன்னனான். 'வருகிறேன்' எண்டு ஒரு சொல்லுத்தான் எழுதினவர்."

அந்த ஒரு சொல் இரத்தினவேலை இரண்டு கிழமை தின்றது. சோறு இறங்கவில்லை. இரண்டு தடவை தரிப்பிடத்தைத் தாண்டிப் பேருந்தை நிறுத்தினான். கைப்பேசி அதிர்ந்தால் எடுக்காமல் கவிழ்த்து வைத்தான். அந்தப் பாட்டை மட்டும் விட்டுவிடு என்று மகளிடம் கெஞ்சினான். அவள் அவனைக் கட்டிப்பிடித்து, "கேக்கக் கஷ்டமா இருக்கோ அப்பா? நீங்கள் ஒரு மனநல டொக்டரிட்டை கதைக்கலாம்" என்றாளாம். அவனுடைய நடுக்கத்தைப் போரின் காயம் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

"அவளுக்கு உண்மையைச் சொல்லு" என்றேன்.

"சொன்னா அவளும் தெரிஞ்சு மறைச்சவள் ஆயிடுவாள். எனக்கு வாறது அவளுக்கும் வரும்."

அவனுக்குத் தன்னைப் பற்றிய பயம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது. இது மகளைப் பற்றிய பயம். எனக்கும் தொற்றிக்கொண்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் அவள் பாடவிருந்த நூலக மண்டபத்துக்குப் போனதும் நானும் வருகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மண்டபத்தில் எண்பது பேர் இருக்கும். பெரும்பாலும் நோர்வேஜியர். யூலியன் குடும்பத்தோடு வந்திருந்தான். பின்வரிசையில் எங்கள் நிறத்தில் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். தமிழர்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முன்வரிசையில் புஷ்பமலர் பட்டுச்சேலையில், பக்கத்தில் இரத்தினவேல், பிறகு ஒரு வெறும் கதிரை, பிறகு நான்.

தலை முழுக்க நரைத்த, ஒல்லியான ஒருவர் வந்து அந்த வெறும் கதிரையில் உட்கார்ந்தார்.

"சுகமா, வேல்?" என்று கேட்டார்.

ஜெயரத்தினம்தான். கைகளை மடியில் வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தார். எட்டுப் பாட்டுகள், ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், இருவரும் தோள் முட்ட இருந்தார்கள்.

ஒன்பதாவது பாட்டுக்கு முன் தர்மினி, "இந்தக் கதையின் சொந்தக்காரர் இங்கேதான் இருக்கிறார். அப்பா, எழும்புங்கள்" என்றாள்.

மண்டபமே கை தட்டியது. இரத்தினவேல் எழும்பினான். எழும்பாமல் என்ன செய்வான்? ஜெயரத்தினமும் கை தட்டினார். மெதுவாக, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இன்னொரு தரம். இரத்தினவேல் திரும்பி அவரைப் பார்த்தான். பிறகு மகளைப் பார்த்துத் தமிழில் சொன்னான்:

"பிள்ளை, இது என்ரை கதை இல்லை. நான் களவெடுத்தது. இவர்தான் அந்தத் தாங்கிக்குள்ளை இருந்தவர். என்னாலைதான் இவருக்கு விசா குடுக்கேல்லை."

தகப்பன் மகளை வாழ்த்துகிறான் என்று நினைத்து நோர்வேஜியர் மறுபடி கை தட்டினார்கள். யூலியன் விசிலும் அடித்தான். புஷ்பமலர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். அந்த இரண்டு இளைஞர்களும் கை தட்டவில்லை.

தர்மினி கிற்றாரைக் கழற்றப் போனாள். அப்போதுதான் ஜெயரத்தினம் வாய் திறந்தார்.

"பாடு பிள்ளை. நான் அதைக் கேக்கத்தான் பத்து மணித்தியாலம் பஸ்ஸிலை வந்தனான்."

அவள் பாடினாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. தம்பி திரும்பி வந்து இரண்டு தட்டுத் தட்டுகிற இடத்தில் ஜெயரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடியும்வரை இரத்தினவேல் நின்றுகொண்டே இருந்தான். ஒருவரும் அவனை உட்காரச் சொல்லவில்லை.

சனம் கலைந்தபின் வாசலில் ஜெயரத்தினம் மேலங்கியைப் போட்டுக்கொண்டிருந்தபோது, இரத்தினவேல் பின்னால் போனான். மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன். அவ்வளவு காலப் பயம் அவனை அதைக்கூடக் கேட்க விடவில்லை.

"நீ போய்ச் சொல்லுவியோ?" என்றான்.

ஜெயரத்தினம் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எட்டு வருசம் உன்னைக் கொல்ல நினைச்சனான். இப்பவும் உன்னை மன்னிக்கேல்லை" என்றார். "ஆனா நான் சொன்னா அந்தப் பிள்ளை பாட்டை நிப்பாட்டிப் போடும். என்ரை தம்பி திரும்பி வாறது அந்தப் பாட்டிலை மட்டும்தான்."

சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தார்.