தண்ணீருக்குத் தனிக் காசு

ஸ்ரீவைகுண்டத்தில் பூதலிங்கம் பிள்ளையிடம் கப்பல் டிக்கெட் எடுக்கப் போனால், டிக்கெட் கைக்கு வருவதற்கு முன்னால் பயம் வந்துவிடும். "கொழும்புக்கா போறிய? குடிக்கத் தண்ணி எதுல கொண்டுபோறிய?" என்றுதான் ஆரம்பிப்பார். பிறகு படகுக் கூலி, இடக் கூலி, பாய்க் கூலி என்று விரலை மடக்கிக்கொண்டே போவார். கேட்கிறவர்களில் பாதிப் பேர் எழுந்து எதிர்த்தாற்போல் கடை வைத்திருக்கும் பூதத்தானிடம் போய்விடுவார்கள். பூதத்தான் ஒன்றும் சொல்ல மாட்டான். சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கொடுப்பான். "தரகு பார்க்கிற மனுஷன் வந்த ஆளை இப்படியா விரட்டுவார்?" என்று ஊரில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ஆனால் இது பின்னால் வந்த புத்தி. 1912ஆம் வருஷத்துக்கு முன்னால் அவரைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வாய் எப்பேர்ப்பட்ட வாய் என்று தெரியும்.

அப்போதெல்லாம் அவர் சந்நிதித் தெருவில் பேசினால் ஆற்றில் குளிக்கிறவனுக்குக் கேட்கும். தூத்துக்குடியில் ஒரு ஏஜெண்டிடம் டிக்கெட் வாங்கிச் சுற்றுப்பட்டு ஊர்களில் விற்றுக்கொடுப்பது தொழில். கொழும்புக்கு இரண்டு கப்பல்கள் மாறி மாறிப் போய் வந்துகொண்டிருந்தன. அவற்றின் பெயர்கள் நம்மவர்கள் வாயில் நுழையவில்லை. அதனால் புகைக்குழாயின் நிறத்தை வைத்து மஞ்சள் குழாய், கறுப்புக் குழாய் என்றுதான் சொல்வார்கள். மஞ்சள் குழாயில் பிள்ளைக்குத் தரகு கொஞ்சம் கூட. அதை வெளியே சொல்ல முடியுமா?

"கறுப்புக் குழாயா? வேண்டாம்லே. அது ஆட்டுத ஆட்டத்துல கொடலு வாய்க்கு வந்துரும். போன வருசம் போன ஒருத்தன் இன்னும் நேரா நடக்கல. மஞ்சக் குழாய் அப்படியா? நடுவீட்டுல உக்காந்திருக்க மாதிரி இருக்கும். டிக்கெட்டுக்கு மேல ஒரு தம்பிடி கிடையாது. தண்ணிப்பானைகூடச் சுமக்காண்டாம். கப்பல்ல தண்ணி ஆறா ஓடுது!"

தாமிரபரணிக் கரையில் பிறந்தவனுக்குத் தண்ணீருக்கு விலை உண்டு என்று கனவில்கூடத் தோன்றாது. சொன்னவருக்கும் தோன்றவில்லை, கேட்டவர்களுக்கும் தோன்றவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிள்ளை ஒரு நாளும் கப்பல் ஏறியதில்லை. "நான் பாக்காத கடலா, நான் பாக்காத கப்பலா" என்பார். அது பொய்யும் இல்லை. தூத்துக்குடிக் கரையில் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். கேட்கிறவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டால் அவர் என்ன செய்வார்? போய்த் திரும்பியவர்களும் ஒரு குறை சொன்னதில்லை. ஒரு சவுக்காரக் கட்டியோ தேயிலைப் பொட்டலமோ கொண்டுவந்து வைத்துவிட்டு, "நல்லபடியாப் போயிட்டு வந்தோம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வருஷக்கணக்காக இதைக் கேட்டுக் கேட்டுத் தாம் சொன்னதெல்லாம் மெய் என்று பிள்ளையே நம்பிவிட்டார்.

அந்த 1912ஆம் வருஷம் கொழும்பிலிருந்த மகள் உலகம்மையிடமிருந்து சேதி வந்தது. பேரனுக்குக் காது குத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள உலகம்மைக்கு உடன்பிறந்தான் கிடையாது. தாத்தாதான் வந்தாக வேண்டும்.

பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. கடலை நினைத்தால் பயமாக இருந்தது. அதைவிடப் பெரிய கவலை, முதல் தடவையாகக் கப்பல் ஏறுகிற சங்கதி ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்பது. தெரிந்தால் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? ஊர் முழுக்கக் கப்பல் தேர்ந்து கொடுத்தவருக்குத் தமக்கு ஒரு கப்பல் தேர்ந்துகொள்ளத் தெரியவில்லை. மஞ்சள் குழாயில் போனால் தாம் டிக்கெட் விற்ற ஆட்களே அதில் இருப்பார்கள். அந்த வாரம்தான் வாழைத்தோட்டத்தில் வேலை பார்த்த பிச்சைக்கண்ணுவுக்கும் அவன் பெண்சாதி மாடத்திக்கும் மஞ்சள் குழாயில் டிக்கெட் விற்றிருந்தார். கறுப்புக் குழாயில் போனால் தெரிந்தவர் கண்ணில் பட வேண்டாம். ஆனால் அது ஆட்டுமே! ஆட்டும் என்று முதலில் சொன்னவர் அவர்தான். சொல்லிச் சொல்லி அந்தப் பயம் அவரையே பிடித்துக்கொண்டது. கடைசியில் மஞ்சள் குழாய் என்றே முடிவாயிற்று. ஊரில் "தூத்துக்குடி வரைக்கும் ஒரு சோலி" என்று சொல்லிவிட்டு, உடன்குடிக் கருப்பட்டிச் சிப்பத்தோடு வண்டி ஏறினார்.

கப்பல் கரையிலிருந்து வெகு தூரத்தில் நின்றது. பிச்சைக்கண்ணு முன்னால் போன படகில் ஏறுவதைப் பார்த்துவிட்டு, பிள்ளை துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு கடைசிப் படகுக்குக் காத்திருந்தார். ஏறினதும் படகுக்காரன் கை நீட்டினான். டிக்கெட்டில் இது சேர்த்தியில்லையா என்று கேட்க வாய் வந்தது. குரலை அடையாளம் கண்டுகொள்வார்களே என்று கொடுத்துவிட்டார். கப்பலில் மேல்தட்டு நிறைய ஜனம். அங்கே ஓர் ஆள் இடுப்பில் சாவிக்கொத்தோடு நடமாடிக்கொண்டிருந்தான். பாய் விரித்தால் அதற்கு ஒரு காசு, மூட்டைக்கு ஒரு காசு, நிழலில் இடம் வேண்டுமென்றால் அதற்குத் தனி. குடிதண்ணீர்க் குழாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தது. அதன் சாவியும் அவன் இடுப்பில்தான். செம்பு நிறைய வேண்டுமானால் காசு.

பிள்ளை மடியை அவிழ்த்தார். கேட்டதைக் கொடுத்து, கித்தான் துணியால் மறைத்த ஒரு மூலையைப் பிடித்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அங்கே ஏற்கெனவே ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மேலப்பாளையத்துத் துணி வியாபாரி முகம்மது இப்ராஹிம் ராவுத்தர். மூன்று தடவை பிள்ளையிடம் டிக்கெட் எடுத்துக் கொழும்பு போய் வந்தவர்.

"என்ன பிள்ளைவாள், நீரா! முக்காடு என்னத்துக்கு?"

"பைய பேசும் வே" என்று பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன ராவுத்தரே இது, தொட்டதுக்கெல்லாம் காசு கேக்கான்?"

"எப்பமும் கேக்கதுதான்."

"நீரும் கொடுத்தீரா?"

"மூணு தடவையும் கொடுத்தேன்."

"பொறவு ஏன் வே எங்கிட்டச் சொல்லல?"

ராவுத்தர் தாடியைத் தடவினார். "டிக்கெட்டுக்கு மேல ஒண்ணும் கிடையாதுன்னு நீரு ஊரு பூரா சொல்லியிருக்கீரு. நான் கொடுத்தேன்னு சொன்னா, ஏமாந்துட்டு வந்திருக்கான்னுதான சொல்லுவாவ? நான் ஒருத்தன்தான் ஏமாந்தேன்னு நெனச்சேன். எல்லாவனும் அப்படித்தான் நெனச்சிருப்பான்."

பிள்ளைக்குத் தம் வீட்டில் அடுக்கி வைத்திருந்த சவுக்காரக் கட்டிகளும் தேயிலைப் பொட்டலங்களும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

அந்த நேரத்தில் கித்தானுக்கு அப்பால் சத்தம் கேட்டது. பிச்சைக்கண்ணுவின் குரல்.

"நான் எதுக்குக் காசு தரணும்? எங்க பூதலிங்கம் அண்ணாச்சி சொல்லியிருக்காவ, டிக்கெட்டுக்கு மேல ஒண்ணும் கிடையாதுன்னு. அவுக பாக்காத கப்பலா?"

சாவிக்காரன் சிரித்தான். "எந்த அண்ணாச்சி? வரச் சொல்லு. காசு இல்லைன்னா நிழல் இல்லை, தண்ணி இல்லை. எந்திரி."

இரண்டு பேரையும் எழுப்பிவிட்டான். அவர்கள் வெயிலில் போய் உட்கார்ந்தார்கள். பிச்சைக்கண்ணுவிடம் காசு இல்லாமல் இல்லை. மாடத்தியின் முந்தானையில் முடிந்துதான் வைத்திருந்தான். கொடுக்க மனமில்லை. இது ஏமாற்று, அண்ணாச்சி சொல் பொய்யாகாது என்று உறுதியாக இருந்தான். கப்பல் புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போனதும் மாடத்திக்குக் குமட்டிக் குமட்டி வாந்தி வந்தது. மஞ்சள் குழாயும் நன்றாகத்தான் ஆட்டியது.

"தண்ணி... ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடுங்க" என்று அவள் சொல்வது கித்தானுக்குள் தெளிவாகக் கேட்டது.

"பொறு புள்ள. தண்ணிக்குக் காசு கேக்கான். எந்த ஊர்லயாவது உண்டுமா? இப்பம் கொடுத்தோம்னா நம்மள ஏமாளின்னு நெனச்சுக்கிடுவான். அண்ணாச்சி சும்மா சொல்லியிருக்க மாட்டாவ."

ராவுத்தர் பிள்ளையைப் பார்த்தார். "போய் ஒரு வார்த்தை சொல்லும் வே. குடுத்துத் தொலைலேன்னு நீரு சொன்னா அவன் குடுப்பான். நான் சொன்னாக் கேக்க மாட்டான், என் கூஜாத் தண்ணியும் குடிக்க மாட்டாவ."

"இந்தா, போறேன்" என்றார் பிள்ளை. எழுந்தார். கித்தானை விலக்கக் கை போனது. வெளியே போய் என்ன சொல்வது? எனக்குத் தெரியாது என்பதா? நானும் இன்றைக்குத்தான் கப்பலைப் பார்க்கிறேன் என்பதா? அத்தனை ஜனத்துக்கு முன்னால், தம்மை அப்படி நம்புகிறவன் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கால் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். சாவிக்காரன் அந்தப் பக்கம் வந்தபோது ரகசியமாகக் காசைக் கொடுத்து, "அந்தப் பொம்பளைக்கு ஒரு செம்பு தண்ணி கொடுத்துரு" என்றார். அவன் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டு போனான். தண்ணீர் போய்ச் சேரவில்லை. கூப்பிட்டுக் கேட்க வேண்டுமென்றால் குரலை உயர்த்த வேண்டும். பிள்ளை உயர்த்தவில்லை.

பொழுது சாய்ந்தது. மாடத்தி கேட்பது குறைந்துகொண்டே வந்து முனகலாகிவிட்டது. அந்த முனகல் எப்போது நிற்குமோ என்றும் பயம், நின்றுவிடுமோ என்றும் பயம். அவள் செத்துக்கித்துப் போனால்? பேரன் காது குத்துக்குப் போகிறவன் தலையில் இது வந்து விடியுமா? முருகா, முருகா என்று விடியும் வரை புரண்டுகொண்டிருந்தார். ராவுத்தர் அதற்கப்புறம் அவரோடு பேசவில்லை.

காலையில் கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் நின்றது. அங்கேயும் கரைக்குப் படகில்தான் போக வேண்டும். பிள்ளை முந்திக்கொண்டு ஏணியண்டை போனார். சாவிக்காரன் பிச்சைக்கண்ணுவை நிறுத்தி வைத்திருந்தான். இடக் கூலியும் படகுக் கூலியும் வைக்காவிட்டால் இறங்க முடியாது, இதே கப்பலில் திரும்பிப் போ என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். "அண்ணாச்சி சொன்னது சொன்னதுதான்" என்றான் பிச்சைக்கண்ணு. அவன் குரலும் காய்ந்துபோயிருந்தது. பிள்ளை கூட்டத்துக்குள் கையை நீட்டிச் சாவிக்காரன் கையில் காசை அழுத்தி, அவர்களைக் கண்ணால் காட்டிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு படகில் இறங்கினார். ராவுத்தரும் பின்னாலேயே இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்த ஆளும் விட்டுவிட்டான். அவர்கள் வந்து ஏறினதும் அதே படகில்தான்.

"அண்ணாச்சி!" பிச்சைக்கண்ணு கண்டுகொண்டான். முகமெல்லாம் பல். "நீங்களும் இதுலயா வந்திய? நேத்தே தெரியாமப் போச்சே! பாத்தியளா, அந்தக் களவாணிப்பய என்னமா உருட்டுனான். நான் அசையல. அண்ணாச்சி பேரையே சொல்லிக்கிட்டு நின்னேன். கடைசியில வாயப் பொத்திக்கிட்டு விட்டுட்டான்லா!"

பிள்ளைக்கு ஒரு நிமிஷம் அப்பாடா என்றுகூட இருந்தது. மானம் தப்பியது, இனி கரைதான் என்று பெருமூச்சு விட்டார். மாடத்தி பிச்சைக்கண்ணுவின் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது.

"கரையில எறங்குன உடனே யாரையாவது பிடிச்சு ஊருக்கு ஒரு கடுதாசி எழுதிப் போடணும் அண்ணாச்சி" என்றான் பிச்சைக்கண்ணு. "எம் மச்சினன் குடும்பம் வரணும்னு இருக்கு. கைப்பிள்ளைக்காரி. காசும் வேண்டாம், பானையும் வேண்டாம், அண்ணாச்சி பேரச் சொன்னாப் போதும், தைரியமா ஏறுங்கன்னு எழுதிருதேன்."

பிள்ளை ராவுத்தரைப் பார்த்தார். ராவுத்தர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதாதலே" என்றார் பிள்ளை. "அவன் என் பேருக்குப் பயந்து விடல. நான்தாம்லே காசு கொடுத்தேன். நான் ஊர்ல சொன்னது அம்புட்டும் பொய். எனக்கு ஒரு எளவும் தெரியாது. நேத்துத்தான் மொதல்மொதலாக் கப்பல் ஏறுனேன்."

பிச்சைக்கண்ணு சிரிக்கப் பார்த்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "அப்பம் நேத்து எங்கன இருந்திய?" என்று கேட்டான்.

"அங்கனதான். கித்தான் மறைப்புக்கு உள்ள."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாடத்திதான் தலையைத் தூக்கிக் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"நான் தண்ணி கேட்டது ஒங்களுக்குக் கேட்டுச்சா அண்ணாச்சி?"

"கேட்டுச்சு தாயி" என்றார் பிள்ளை. அந்தக் குரல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராவுத்தருக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை.