எனக்குக் கிடைக்காத வலிப்பு

எனக்கு வலிப்பு நோய் இருக்கவேண்டும் என்று அந்த வருடம் நான் வேண்டாத தெய்வமில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்த சாதாரண எழுதுவினைஞன் நான். அம்பிட்டியவில் அறை எடுத்திருந்தேன். யுத்த காலம். கந்தோருக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடி. அங்கே ஆமிக்காரன் அடையாள அட்டை கேட்டபோது இரண்டு தடவை நான் கண்ணைத் திறந்தபடியே கல்லாக நின்றுவிட்டேன். அவன் கேட்டதும் தெரியாது, துவக்கை நிமிர்த்தியதும் தெரியாது. முதல் தடவை தோளைப் பிடித்து உலுக்கினான். இரண்டாம் தடவை எனக்கு அறை தந்த சிங்கள வீட்டுக்காரர் பின்னால் வந்து எடுத்துச் சொன்னதால் தப்பினேன். மூன்றாம் தடவை சுட்டுவிட்டுத்தான் விசாரிப்பான் என்று நிச்சயமாக நம்பினேன். ‘இவருக்கு வலிப்பு’ என்று சிங்களத்தில் ஒரு டாக்டர் கடிதம் சட்டைப்பையில் இருந்தால் உயிர் பிழைக்கலாம்.

ஆஸ்பத்திரியில் மூளையின் மின் அலைகளைப் பதியும் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே வேலை செய்த பெண் மலையகத்தில் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். என் தலைமயிரைப் பிரித்துப் பிரித்துப் பசை தடவி வயர்களை ஒட்டினாள்.

“இப்ப கண்ண மூடிக்கிட்டு நல்லா தூங்குங்க சார்.”

எங்கள் பக்கத்தில் தூங்குவது என்றால் தொங்குவது. முருங்கைக்காய் தூங்கும், வாழைக்குலை தூங்கும். மனிதர் தூங்கினால் மரண விசாரணை நடக்கும். மலையகத்துப் பேச்சு வேறு என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் தலை நிறைய வயரோடு கிடப்பவனுக்கு அதெல்லாம் ஞாபகம் வருமா?

“எங்கை தூங்கிறது?” என்று முகட்டைப் பார்த்தேன்.

“கட்டில்லதான் சார், வேற எங்க?”

“ஓ, நித்திரையோ! எனக்கு நித்திரை வராது தங்கச்சி. போன மாசம் ராவிலை ஆமிக்காரர் வீட்டைச் செக் பண்ண வந்தவங்கள். அண்டு தொடக்கம் கதவுச் சத்தத்துக்குக் காது குடுத்துக்கொண்டு கிடக்கிறன்.”

அவள் எழுந்துபோய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். “இங்க யாரும் தட்ட மாட்டாங்க” என்றாள்.

கொஞ்ச நேரத்தில் வயர்களைக் கழற்றத் தொடங்கினாள்.

“நான் நித்திரை கொள்ளேல்லையே.”

“கொறட்ட விட்டீங்களே!”

அபாண்டம் என்றேன். அவள் அலைகள் பதிந்த கடதாசியை விரித்தாள். முதலில் கோடுகள் நெருக்கமான சின்னக் கிறுக்கல்களாக இருந்தன. பிறகு மெதுவாகி, பெரிதாகி, அகன்று போயின. நான் முழித்திருந்தேன் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்த நேரமெல்லாம் கடதாசியில் நான் நித்திரை. என்னைப் பற்றி நான் சொல்லும் சாட்சியே செல்லாது என்று அன்றுதான் தெரிந்தது.

வலிப்புக்கு ஓர் அடையாளமும் இல்லை என்றார் டாக்டர். நித்திரையில்லாத மூளை, கண் திறந்திருக்கும்போதே சில விநாடிகள் நித்திரையைத் திருடிக்கொள்ளுமாம். சாவடியில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும் என்றார். கடிதம் கேட்டேன். இல்லாத நோய்க்கு எப்படிக் கடிதம் தருவது என்று சிரித்தார். நோய் இல்லை என்று கேட்டு அழுகை வந்த ஒரே நோயாளி நானாகத்தான் இருப்பேன்.

திரும்பும்போது சாவடியில் அதே ஆமிக்காரன். என் தலையில் காய்ந்திருந்த பசையைக் கிள்ளிப் பார்த்து, “மே மொகத?” என்றான், இது என்ன என்று. பயத்தில் எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் ஒரே மூச்சில் வந்தது.

“மொலே பெலுவா. முகுத் நே.”

மூளையைப் பார்த்தார்கள், கோளாறு ஒன்றுமில்லை என்று சொன்னதாகத்தான் நினைத்தேன். பார்த்தார்கள், உள்ளே ஒன்றுமே இல்லை என்று அவனுக்கு விளங்கியிருக்கிறது. சாவடியில் நின்ற மற்ற ஆமிக்காரனையும் கூப்பிட்டான். நான் மறுபடி சொன்னேன். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த நாளிலிருந்து என்னைக் கண்டதும், “மொலே ஆவத?” என்பான். மூளை வந்துவிட்டதா என்று கேட்கிறான். இன்னும் வரவில்லை என்று கையை விரிப்பேன். என்னிடம் அட்டை கேட்கமாட்டான். எனக்குப் பின்னால் வரும் எங்கள் ஆட்களை நிறுத்தி, அவர்களின் அட்டைகளை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். நான் திரும்பிப் பார்க்காமல் நடப்பேன்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கிழமையிலிருந்து எனக்கு நல்ல நித்திரை.