அப்பா சொன்ன சினிமா

பழைய தமிழ்ப் படங்களின் ஸ்டில்களையும் திரைக்கதைப் பிரதிகளையும் சேர்ப்பது என் பைத்தியம். ஆக்லாந்தின் ரானுயி பகுதியில் இருக்கும் என் வீட்டில் துணி அலமாரியில் பாதி அவற்றுக்குத்தான். போன ஞாயிற்றுக்கிழமை வந்த யாழ்ப்பாணத்துத் தோழியிடம் ஒரு ஸ்டில்லை நீட்டினேன். ரயிலடியில் பெட்டியோடு கதாநாயகி நிற்கிறாள்.

"புருஷனோட சண்டை போட்டுட்டு அம்மா வீட்டுக்குக் கிளம்புறா," என்றேன்.

"இல்லையப்பா. நான் இந்தப் படம் பாத்தனான். அவ தங்கச்சியை வழியனுப்ப வந்தவ."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் படத்தின் பிரதியை எடுத்து, அவளுக்குக் காட்டாமல் புரட்டினேன். அவள் சொன்னதுதான் சரி.

நான் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. சின்ன வயதில் அப்பா என்னைத் தியேட்டர் வாசலுக்கு அழைத்துப்போவார். கண்ணாடிப் பெட்டிக்குள் குத்தியிருக்கும் ஸ்டில்களைக் காட்டி, சண்டை, அழுகை, பாட்டு எல்லாம் சேர்த்து முழுக் கதையும் சொல்வார். பிறகு டிக்கெட் கவுன்டர் பக்கமே திரும்பாமல் வீட்டுக்கு வந்துவிடுவோம். அவரும் அந்தப் படங்களைப் பார்த்தவரில்லை என்பது இத்தனை வருடம் கழித்து, ஆக்லாந்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் புரிந்தது.

பிரதியை மூடிவைத்தேன்.

"நீங்க வேற ஏதோ படம் பாத்திருப்பீங்க," என்றேன்.