சிகாகோவில் நானாகப் போய்ப் பார்த்த ஏரி

என் மகனுக்கு சிகாகோவில் வேலை. கல்பாக்கத்தில் நான் ரிட்டையரான கையோடு, "மூணு மாசம் வந்து இரும்மா, ஊரைச் சுத்திக் காட்றேன்" என்று டிக்கெட் போட்டு அனுப்பினான். போன முதல் சனிக்கிழமையே சுற்றிக் காட்டினான். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு சுற்றினோம்.

கண்ணாடி போலத் தேய்த்த எஃகில், வீடு உயரத்துக்கு ஒரு மொச்சைக்கொட்டைச் சிலை. அதன் முன்னால் ஒரு போட்டோ. வானத்தை முட்டும் கட்டடத்தின் உச்சியில் கண்ணாடித் தரை. அதில் நின்று ஒரு போட்டோ. ஆற்றில் படகு, மைக்கைப் பிடித்த பெண் மூச்சு விடாமல் கட்டடங்களைப் பற்றிப் பேசினாள். கடைசியில் ராட்டினம். அதன் உச்சியிலிருந்துதான் ஏரியைச் சரியாகப் பார்த்தேன். மறுகரையே தெரியவில்லை. எனக்கு எங்கள் ஊர்க் கடல் ஞாபகம் வந்தது.

"தண்ணி கிட்ட போய்க் கொஞ்சம் குந்தலாம்டா" என்றேன்.

"பார்க்கிங் டைம் முடியுதும்மா. அதான் மேலேர்ந்து பாத்துட்டியே, இன்னும் இன்னா கீது அங்க?"

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. நான் மாமல்லபுரத்தில் பிறந்தவள். பஸ்ஸிலிருந்து இறங்கி, வெண்ணெய் உருண்டைக் கல்லைக் கையால் தாங்குவது போல் நின்று போட்டோ பிடித்து, அஞ்சு ரதத்தை எட்டிப் பார்த்து, அதே பஸ்ஸில் ஏறிப் போகிறவர்களைப் பார்த்துச் சிரித்தே வளர்ந்தவள். ஊரை நுனிப்புல் மேய்கிற அந்தக் கூட்டத்தில் என்னையும் கொண்டுபோய் நிறுத்திவிட்டான், பெற்ற பிள்ளை.

அதற்குப் பிறகு அவனுக்கு ஆபீஸ், எனக்கு ஜன்னல். "தனியா வெளிய போவாதம்மா, வழி தப்பிடும்" என்று தினமும் காலையில் மந்திரம் மாதிரி சொல்லிவிட்டுத்தான் போவான். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஏரி ஒரு கீற்றாகத் தெரியும். சாம்பார் கொதிக்கும்போது அதைப் பார்ப்பேன், ரசம் தாளிக்கும்போதும் பார்ப்பேன். இப்படியே விட்டால் மூன்று மாதமும் சமையலறையில் கரைந்துவிடும், ஊருக்குப் போட்டோவோடு மட்டும்தான் திரும்புவேன் என்று புரிந்தது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன்?

ஒரு நாள் அவன் கிளம்பியதும் புடவைக்கு மேல் ஸ்வெட்டரை மாட்டினேன். ஷூ போட்டேன். ஆணியில் தொங்கிய இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மேப் எதற்கு? கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரைக்கும் எந்தத் தெருவில் விட்டாலும் எங்களுக்குக் கடல் கிழக்கே. இங்கே ஏரியும் கிழக்கே. காலை வெயில் முகத்தில் அடிக்கிற மாதிரி நடந்தேன். குறுக்கே ஒரு பெரிய சாலை வந்து மறித்தது. நாயோடு போன ஒரு கிழவர் சுரங்கப்பாதையில் இறங்கினார், நானும் பின்னாலேயே இறங்கினேன். ஏறினால் எதிரே தண்ணீர்.

எங்கள் பக்கத்தில் கடலில் கால் வைக்கும் முன் தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொள்வோம். அப்படியே செய்தேன். கை தானாக நாக்குக்குப் போனது. உப்பே இல்லை! ஏரி என்று தெரிந்துதான் வந்தேன். ஆனாலும் அவ்வளவு அலையைப் பார்த்த பிறகு நாக்கு உப்புக்குத் தயாராகிவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். ஓடிக்கொண்டிருந்த ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

கரையோரப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். அலை வந்து மோதிக்கொண்டே இருந்தது. யாரும் என்னைப் போட்டோ எடுக்கவில்லை. அந்த ஊருக்கு நான் வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான்.

என் செல்போன் அடித்தது. "எங்கம்மா கீற? வூட்டு போன் அடிச்சிக்கினே கீது, எடுக்கல!"

"சுரங்கப்பாத தாண்டி ஏரிகிட்ட குந்திகினு கீறேன்."

"அங்கயே இரு. நகராத. நான் வரேன்."

வந்தான். ஆபீஸ் அட்டை கழுத்தில் ஆட, முகம் வெளுத்து ஓடி வந்தான். பாவமாகத்தான் இருந்தது. அதற்காக எழுந்து அவன் பின்னால் போக நான் தயாராக இல்லை.

"உனக்கு ஏதாச்சும் ஆனா நான் இன்னாம்மா பண்றது? ஞாயித்துக்கிழம நானே கூட்டிகினு வர மாட்டனா?"

"நீ கூட்டிகினு வந்தா நீ காட்றதத்தான் பாக்கணும். இருட்டோட எழுந்து, உனக்கு ஆக்கி வெச்சிட்டு, செங்கல்பட்டுலேர்ந்து ஸ்டாஃப் பஸ்ஸப் புடிச்சி, தனியா வேலைக்குப் போய் வந்தவடா நான். அப்போ தப்பாத வழி இப்போ தப்பிடுமா?"

அவன் விலை உயர்ந்த பேண்ட்டோடு ஈரப் படிக்கட்டிலேயே உட்கார்ந்தான். இந்த ஊரில் அவன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நாளைக்கும் வருவியா?" என்றான்.

"வருவேன்."

"என்னக் கேட்டுட்டாவது வாம்மா."

"கேக்க மாட்டேன்" என்றேன். "சொல்லிட்டு வரேன்."