ஹெல்மெட் கழற்றாத டீச்சர்

என் கையெழுத்து கோணல். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

முடிச்சூர் நர்சரி ஒன்றில் விதை போடுவது என் வேலை. ஒருநாள் முதலாளி கத்தினார். "ஒரு தட்டுல ஒன்பது முளைச்சிகீது, இன்னொண்ணுல ஆறு. தண்ணி ஊத்தாம இன்னா பண்ணிகினு இருந்த? நாளைக்கு வராத!"



அடிக்கடி செடி வாங்க வரும் கல்லூரி டீச்சர், எப்போதும் கழற்றாத ஹெல்மெட்டின் கண்ணாடியை மட்டும் தூக்கினார்.

"தட்டுக்குப் பத்து விதைதானே அண்ணா? ஒரே பாக்கெட், ஒரே மண்ணு?"

"ஆமா மேடம்" என்றேன்.

"ஒண்ணு முளைக்கலைன்னா பக்கத்து விதைக்கு ஏதாவது ஆகுமா?"

"அது பாட்டுக்கு முளைக்கும் மேடம்."

"அப்ப எண்ணிக்கை ஏறி இறங்கத்தான் சார் செய்யும். எல்லாத்துலயும் ஒரே மாதிரி எட்டே எட்டு வந்தாத்தான் சந்தேகப்படணும். கணக்குல இதுக்குப் பேரு ஈருறுப்புப் பரவல்."

முதலாளி கடைசித் தட்டைக் காட்டினார். "இதுல ரெண்டுதான்!"

டீச்சர் குனிந்து பார்த்தார். "இது அதுல சேராது. தண்ணி தேங்கி, ஒண்ணு அழுகி பக்கத்துக்கும் பரவியிருக்கு. இதுக்குத் தாராளமா திட்டுங்க."

முதலாளியே சிரித்துவிட்டார். "ஊத்தலன்னு திட்டினா, ஜாஸ்தியா ஊத்திகிறான்! நாளைக்கு சீக்கிரம் வா."

ஈருறுப்புப் பரவல் என்ற அந்தப் பெயரை டீச்சரிடம் விதைப் பாக்கெட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். அதைப் பார்த்து எழுதியதால் அதில் மட்டும் பிழை இருக்காது. அவர் முழு முகம்தான் இன்றுவரை தெரியாது.

மாட்டுப் பொங்கலன்று எழுதியது.