பீரோ கண்ணாடியில் விழுந்த மங்கல்

ஈரச் செய்தித்தாளைக் கண்ணாடியில் வைத்து வட்டமாகத் தேய்த்தால் முதலில் சத்தமே இருக்காது. அழுக்குப் போகப் போக மெல்லக் கிறீச்சிட ஆரம்பித்து, முழுக்கச் சுத்தமானதும் பல் கூசுகிற மாதிரி ஓர் ஓசை எழும். அந்த ஓசை வந்தால்தான் வேலை முடிந்தது என்பது பத்து வயதிலேயே எனக்கு அத்துபடி. படிப்பில் நான் சுமார்தான், கோலம் போட்டால் கோணிக்கொள்ளும். ஆனால் கண்ணாடி துடைப்பதில் என்னை அடிக்க எங்கள் சந்தில் ஆள் கிடையாது என்று ஒரு கர்வம் இருந்தது.

செல்லூரில் எங்கள் சந்து முழுக்க விசைத்தறிதான். பஞ்சுத்தூசி சோற்றுப்பானை வரைக்கும் வரும், அம்மாவின் சீராக வந்த கண்ணாடி பீரோவை மட்டும் விட்டுவைக்குமா? சனிக்கிழமை காலையில் பார்த்தால் ஆளுயரக் கண்ணாடி நரைத்துப் போயிருக்கும். முதலில் அப்பாவின் பழைய வேட்டித் துணியால் தூசியைத் தட்ட வேண்டும், பிறகு செய்தித்தாளைக் கசக்கி நனைத்துப் பிழிந்து, ஒரு சிட்டிகை விபூதி தொட்டுத் தேய்க்க வேண்டும், கடைசியில் உலர்ந்த தாளால் ஒரு தடவை. தண்ணீரைத் தெளிக்கவே கூடாது. "சட்டத்துக்குள்ள ஈரம் எறங்குச்சுன்னா ரசம் போயிரும், அப்புறம் நாம கறுப்புப் புள்ளியத்தான் பாத்துக்கிட்டு நிக்கணும்" என்பாள் அம்மா.

இதில் பெரிய வேலை பொட்டுதான். அம்மா இரவு படுக்கப்போகும்போது நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிடுவாள்; மறுநாள் புதுசு வைப்பாள், அல்லது அதையே வைப்பாள். அவள் குள்ளம் என்பதால், அவள் முகம் தெரிகிற உயரத்தில், வாரக் கடைசியில் ஏழெட்டுச் சிவப்புப் பொட்டுகள் சேர்ந்திருக்கும். "கண்ணாடிக்கு அம்மை போட்ருக்குடி, வேப்பிலை கட்டு" என்று அப்பா கேலி செய்வார். ஒருநாள் சட்டை மாட்டும்போது, அம்மாவின் பொட்டு ஒன்றைப் பிய்த்து மேலே தன் நெற்றி உயரத்தில் ஒட்டி, கண்ணாடிக்குள் தன் நெற்றியில் அது சரியாக விழும்படி நின்று, "நான் அழகா நீ அழகா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா சிரித்து நான் பார்த்ததில் அதுதான் அதிகம். அந்த ஒரு பொட்டை மட்டும் வாராவாரம் நான் எடுக்காமல் விட்டேன். மற்றதையெல்லாம் எடுத்தால் பசை தங்கிவிடும். அதற்குத் தேங்காயெண்ணெய் தடவி, சோறு வடிக்கிற நேரம் ஊறவிட்டு, துணியால் துடைக்க வேண்டும். நகம் படக் கூடாது. கம்பி நாரைக் கண்ணாடிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

எனக்குப் பதினோரு வயதில் அப்பா தறிக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

வாடிப்பட்டியிலிருந்து அப்பாவின் அக்கா வந்து வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். என் அத்தைக்கு எல்லா முறையும் தெரியும். எந்த நாளில் எதைச் சமைக்க வேண்டும், யார் எங்கே உட்கார வேண்டும், அம்மா எவ்வளவு நேரம் அழ வேண்டும் என்பது வரைக்கும் தெரியும். கருமாதிக்கு முந்தின நாள், அம்மாவின் பொட்டு அட்டைகளையும் குங்குமச் சிமிழையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கட்டிவிட்டு, பீரோ முன்னால் வந்து நின்றவள் என்னைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, நாளையிலருந்து ஒங்கம்மா கண்ணுல ஒரு பொட்டுப் படக் கூடாது. இம்புட்டையும் எடுத்துக் கண்ணாடியப் பளிச்சுன்னு ஆக்கிரு."

எனக்கு அழுகை வரவில்லை. பதினைந்து நாளாக என்னை யாரும் ஒரு வேலைக்கும் கூப்பிடவில்லை. எனக்குத் தெரிந்த வேலையை இப்போது கேட்கிறார்கள் என்றுதான் தோன்றியது. தேங்காயெண்ணெய் எடுக்கப் போனேன். துக்க வீட்டில் கருமாதி முடியும் வரை எண்ணெய்ப் பாட்டிலைத் தொடக் கூடாது என்று அத்தை கையைத் தட்டிவிட்டாள். எண்ணெய் இல்லாமல் பசை எப்படிப் போகும்? பாத்திரம் தேய்க்கிற பவுடரையும் கம்பி நாரையும் எடுத்துக்கொண்டு வந்தேன். கூடாது என்று தெரியும். தெரிந்தும் தேய்த்தேன்.

கீழே இருந்ததெல்லாம் போனது. ஸ்டூல் போட்டு ஏறினேன். மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்த அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "மேல இருக்குல்ல பாப்பா, அந்த ஒண்ண மட்டும் விட்டுரு."

நெற்றியில் வைத்துக்கொள்ள அவள் கேட்கவில்லை. அது அங்கே இருந்தால் போதும் என்றுதான் கேட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன், வாசல்படியில் நின்ற அத்தையைப் பார்த்தேன். அத்தை புருவத்தை மட்டும் தூக்கினாள். நான் திரும்பி அந்தப் பொட்டை நகத்தால் பெயர்த்து, பசை போகும் வரை நாரால் தேய்த்தேன். "எம்புட்டுச் சுத்தமாத் தொடைக்கிறா பாரு, கெட்டிக்காரி" என்று வந்திருந்தவர்களிடமெல்லாம் அத்தை சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஈரம் காய்ந்ததும் தெரிந்தது. அம்மாவின் முகம் விழுகிற இடத்தில் தட்டு அகலத்துக்குக் கீறல் விழுந்து, பனி படிந்ததைப் போல மங்கிவிட்டிருந்தது. மேலே அப்பாவின் நெற்றி இருந்த இடத்திலும் அதேபோல, சின்னதாக. அடுத்த சனிக்கிழமைகளில் எண்ணெய், விபூதி, எலுமிச்சைத் தோல் என்று எல்லாம் போட்டுப் பார்த்தேன். கீறல் அழுக்கா என்ன, போவதற்கு?

அம்மா ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். சுவரைப் பார்த்து நின்றபடியே தலை சீவிக்கொள்வாள், வகிடு கோணலாக விழும். எங்கேயாவது கிளம்பும்போது, "மூஞ்சி சரியா இருக்கா பாப்பா?" என்று என்னிடம் கேட்பாள். சரியாகத்தான் இருக்கிறது என்று முப்பது வருடம் சொன்னேன். என் கல்யாணத்தில் தாலி கட்டும்போது மண்டபத் தூணுக்குப் பின்னால் நின்றாள். அங்கே நிற்கச் சொன்னதும் அத்தைதான். வெறும் நெற்றியோடே அம்மா நாலு வருடத்துக்கு முன்பு போய்ச் சேர்ந்தாள்.

அம்மாவுக்கு முன்பே அத்தையின் புருஷன், என் மாமா, இறந்துவிட்டார். மூன்றாவது மாதமே அத்தை சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டு செல்லூர் வீட்டுக்கு வந்தாள். "பேத்திக கேக்க மாட்டேங்குதுக பாப்பா. காலம் மாறிப்போச்சு, இப்ப யாரு இதெல்லாம் பாக்குறா?" என்றாள். வைக்கட்டும், வைக்கத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்கு அம்மா உயிரோடு பக்கத்து அறையில்தான் இருந்தாள். காலம் மாறிய சேதியை அவளிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல அத்தைக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

செல்லூர் வீடு கைமாறிவிட்டது, எங்கள் சந்தில் தறிச் சத்தமும் இல்லை. என் அடுக்குமாடி வீட்டில் பஞ்சுத்தூசி கிடையாது. கண்ணாடிக்கு ஒரு நீலத் திரவத்தைப் பீய்ச்சுகிறார்கள். பீரோவை மட்டும் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக வந்த அத்தை என்னோடு தங்கினாள். காலையில் பார்த்தால், அம்மாவின் கண்ணாடியில் ஒரு கறுப்புப் பொட்டு. எண்ணெய்க்கெல்லாம் நான் காத்திருக்கவில்லை, நகத்தாலேயே பெயர்த்துக் குப்பையில் போட்டேன்.

குளித்துவிட்டு வந்த அத்தை கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள். "இங்க ஒட்டுன பொட்டு எங்க பாப்பா?"

"கண்ணாடி தொடச்சேன் அத்தை."

அவள் அலட்டிக்கொள்ளவில்லை. கைப்பையிலிருந்து அட்டையை எடுத்துப் புதுசாக ஒன்றைப் பிய்த்துக்கொண்டு கண்ணாடியை நெருங்கினாள். அம்மாவின் உயரம்தான் அவளும். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். "ஏன் பாப்பா, இந்த எடம் மட்டும் இப்பிடி மங்கிக் கெடக்கு? நல்லாத் தொடைக்கலையா?"

"நல்லாத் தொடச்சதுனாலதான் அத்தை."

அவளுக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, தெளிவாக இருந்த ஓரத்தில் முகத்தைப் பார்த்துப் பொட்டை வைத்துக்கொண்டாள்.