பாஸ்வேர்டு சரிதான், கனெக்‌ஷன்தான் வரவில்லை

ஊரில் எல்லா ரிப்பேர்காரனுக்கும் ஏதாவது ஒரு பொருள் உடைந்து கையில் வரும். வைஃபை ரிப்பேர்காரனுக்கு மட்டும் எதுவுமே உடைந்திருக்காது, ஆனால் எதுவுமே வேலை செய்யாது.

நீங்களும் பட்டிருப்பீர்கள். சரியான பாஸ்வேர்டைத்தான் அடிப்பீர்கள். வட்டம் சுற்றும், நிற்கும், மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கும். அதுவும் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டிருந்தால், தில்லியில் பாதிக் கடைகளில் மூடியைத் திறந்து பார்த்ததுமே, "அண்ணா, விண்டோஸ் போட்டுக்கோங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அப்படித் திருப்பிக் கொடுக்கப்பட்ட பெட்டிகள் கடைசியில் வந்து சேருமிடம் மயூர் விஹாரில் இருக்கும் என் கடை. பதினான்கு வருஷமாக இதே வேலை. தமிழ்க் குடும்பங்கள் பேச்சு சௌகரியத்துக்காகவே என்னைக் கூப்பிடுவார்கள். வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால் வைஃபையைத் தவிர மற்றதும் காதில் விழும்.

ஆரோக்கியதாஸ் வீடு

துவாரகாவிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் சீனியர் நர்ஸ். இன்டர்நெட் கம்பெனி ஆள் வந்து பழைய ரௌட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். அன்றிலிருந்து லேப்டாப் வைஃபையில் ஒட்டவில்லை. போய்ப் பார்த்தேன். புது ரௌட்டர் புது வகைப் பாதுகாப்பு முறையில் மட்டும்தான் பேசும். லேப்டாப்பிலிருந்த பழைய கார்டுக்கு அந்தப் பாஷை தெரியாது. ரௌட்டரைப் பழைய முறையையும் ஏற்றுக்கொள்ளும்படி மாற்றியதும் கனெக்‌ஷன் வந்துவிட்டது. பத்து நிமிஷ வேலை.

அம்மாவுக்குத் திருப்தியில்லை. திரையில் வந்த பெயரைக் காட்டி, இது எங்கள் வீடு இல்லையே என்றார். கம்பெனி வைத்த பெயர், எழுத்தும் நம்பருமாக நீளமாக இருந்தது. முன்பு என்ன பெயர் என்று கேட்டேன். ஆரோக்கியதாஸ் வீடு. கணவர் வைத்தது. லேப்டாப்பும் அவருடையதுதான். அவர் இறந்து ஏழு மாதம் ஆகிறதாம். பழைய பாஸ்வேர்டு அம்மாவுக்குத் தெரியாது, அடிக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. அது லேப்டாப்பிலேயே சேமிப்பில் இருந்தது. அதை எடுத்து, பழைய பெயரையும் அதே பாஸ்வேர்டையும் புது ரௌட்டரில் போட்டேன். லேப்டாப், டிவி, அம்மாவின் ஃபோன் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமாகவே ஒட்டிக்கொண்டன. அம்மா ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னிடம் சொன்னார்:

"வாசல் போர்டுல இருந்த பேரை ஃப்ளாட் சொசைட்டிக்காரங்க மாத்திட்டாங்க தம்பி. இதுலயாவது அவரு வீடாவே இருக்கட்டும்."

அண்டர் செக்ரட்டரி சார்

எங்கள் பகுதியிலேயே ஒரு சார் இருக்கிறார். மத்திய அரசில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ரிடையர் ஆனவர். ஓய்வுபெற்ற பிறகு தானாகவே லினக்ஸ் போட்டுப் பழகிக்கொண்டவர். ஆரம்பத்தில் என்னை வேலை வாங்குவதைவிட என் வேலையில் தப்புக் கண்டுபிடிப்பதில்தான் அவருக்கு ஆர்வம். நான் இரண்டு வரியில் அடிக்கும் கட்டளையை அவர் ஒரே வரியில் அடித்துக் காட்டிச் சிரிப்பார்.

போன வருஷத்திலிருந்து மாதத்துக்கு நாலு தடவை கூப்பிட ஆரம்பித்தார். மாடி வீட்டுக்காரன் நம் வைஃபையைத் திருடுகிறான் என்று ரௌட்டர் பாஸ்வேர்டை மாற்றுவார். மாற்றியதை ஒரு சீட்டில் எழுதி ஒளித்துவைப்பார். பிறகு சீட்டும் கிடைக்காது, பாஸ்வேர்டும் நினைவிருக்காது. ஒருநாள் என் எதிரிலேயே உட்கார்ந்து, சந்தேகமே இல்லாமல் ஒரு எண்ணை அடித்தார். தப்பு என்று வந்தது. மறுபடியும் அதையே அடித்தார். பின்னால் நின்ற அவர் மனைவி, மாமி, மெதுவாக என் பக்கம் குனிந்து, அது அவர் வேலை பார்த்த காலத்து ரூம் நம்பரும் இன்டர்காம் நம்பரும் என்றார்.

மாமி கேட்டுக்கொண்டபடி அன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். ரௌட்டர் செட்டிங்கைத் திறக்கும் பாஸ்வேர்டை மாற்றி மாமியிடம் மட்டும் கொடுத்தேன். இனிமேல் சாரால் எதையும் மாற்ற முடியாது. அவருக்கு அது தெரியாது. கனெக்‌ஷன் வந்ததும், தான்தான் சரிசெய்ததாக நினைத்து என் முதுகில் தட்டிக் கொடுத்தார். ஒரு மனிதனுடைய வீட்டுச் சாவியை அவர் பார்க்காதபோது எடுத்துப் பையில் போட்டுக்கொண்ட மாதிரி எனக்கு இருந்தது. மாமி படிக்கட்டு வரை கூடவே வந்தார். அடுத்த தடவை ஏதாவது ஆனால் உடனே கூப்பிடுங்கள் என்று சொன்னேன்.

"பாஸ்வேர்டை மறந்தா உன்னைக் கூப்பிடறேன்பா. நேத்து என் பேரைக் கேட்டார், அதுக்கு யாரைக் கூப்பிடறது?"

பழைய தேதி

கௌசல்யா கடைக்கு வந்தது ஒரு மழை நாளில். காலேஜில் இரண்டாம் வருஷம். பிறந்து வளர்ந்தது ஜங்புராவில், தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் குடிசைப் பகுதியில். அம்மா அக்கம்பக்கத்து வீடுகளில் வேலை செய்கிறவர். அப்படி ஒரு வீட்டில் கொடுத்ததுதான் அந்தப் பழைய லேப்டாப். கேம்ப்பை இடித்த பிறகு நரேலாவில் ஒரு ஃப்ளாட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து காலேஜுக்கு வர இரண்டு மணி நேரம். அங்கே நெட்டும் சரியாகக் கிடைப்பதில்லை. காலேஜ் வைஃபையில்தான் ப்ராஜெக்ட்டை அனுப்ப வேண்டும், மறுநாள் கடைசி நாள். அந்த வைஃபையோ அவளை உள்ளேயே விடவில்லை. பெட்டி பழசு, தூக்கிப் போடு என்று காலேஜில் சொல்லிவிட்டார்களாம்.

காலேஜ் வைஃபை வீட்டு வைஃபை மாதிரி இல்லை. நாம் யார் என்று அது கேட்கும். அது யார் என்று நம் லேப்டாப்பும் ஒரு சான்றிதழை வாங்கிப் பார்க்கும். இவள் லேப்டாப் அந்தச் சான்றிதழை ஏற்கவில்லை. காரணத்தைத் தேடினால், பெட்டியில் தேதி எட்டு வருஷம் பின்னால் இருந்தது. இனிமேல்தான் பிறக்கப்போகிற சான்றிதழை அது எப்படி ஏற்கும்? நெட் வந்தால் தேதி தானாகச் சரியாகும், தேதி சரியானால்தான் நெட் வரும். வீடு இடிந்தபோது சாமான்களோடு நாலு நாள் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்ததில், உள்ளே கடிகாரத்துக்கென்று இருக்கும் பொத்தான் பேட்டரி செத்துப்போயிருந்தது.

புது பேட்டரி மாட்டினேன். மறுநாள் கனெக்ட் ஆகி, ப்ராஜெக்ட்டும் போய்விட்டது என்று மெசேஜ் அனுப்பினாள். ஆனால் எனக்கு மறக்காதது, நான் தேதியைத் திருத்தப் போனபோது "ஏக் மினிட் அண்ணா" என்று அவள் என் கையைத் தடுத்தது. திரையிலிருந்த வருஷத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். தமிழில் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவாள்.

"இந்தத் தேதியில எங்க வீடு இருக்கு அண்ணா."

கொஞ்சம் ஜல்தி

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மறுபடியும் துவாரகா. ஜெபராஜ் என்று ஒரு பையன், நாகர்கோவில் பக்கம். ஏர்போர்ட் கார்கோவில் வேலை, தனியாக ஒரு அறை. அப்டேட் போட்ட பிறகு லேப்டாப்பில் வைஃபை வரவில்லை, மதியத்துக்குள் வர முடியுமா என்று அறைக்குக் கீழே இருந்த கடைக்காரர் ஃபோனிலிருந்து கேட்டான். போனேன். "கொஞ்சம் ஜல்தியா முடியுமா அண்ணா" என்றான். அது எல்லோரும் சொல்வதுதானே. சரி என்றேன்.

அது நல்ல கோளாறு. அந்த மாதிரிக் கோளாறு என்றால் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு சபலம் உண்டு. பாஸ்வேர்டு சரி, சிக்னல் சரி, ரௌட்டர் சரி, ஆனாலும் பாஸ்வேர்டு தப்பு என்று லேப்டாப் சாதித்தது. பதிவுகளை வரிவரியாகப் படித்தேன். ஒரு புரோகிராமை நிறுத்தி இன்னொன்றை ஓடவிட்டேன். பழைய பதிப்பில் துவக்கிப் பார்த்தேன். அவன் கட்டில் ஓரத்தில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு தடவை டீ வேண்டுமா என்று கேட்டான். ஒன்றேகால் மணி நேரம் போனது எனக்குத் தெரியவில்லை.

நிமிர்ந்தபோதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். ஏதாவது அவசரமா தம்பி என்றேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், டிக்கெட் நாளைக் காலையில்தான் கிடைத்தது, ஃபோனைக் காலையில் மெட்ரோவில் யாரோ அடித்துவிட்டார்கள், அப்பா முகம் பார்க்கக் கேட்கிறார் என்று தங்கை லேப்டாப்பில் வரச் சொல்லியிருக்கிறாள் என்றான். சத்தம் உயராமல், ஏதோ விலாசம் சொல்வது மாதிரிச் சொன்னான்.

என் சட்டைப்பையில் ஃபோன் இருந்தது. அதை ஒரு கேபிளில் லேப்டாப்போடு சேர்த்தால் நெட். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. தங்கை எடுத்தாள். அவள் முகம் திரையில் வரவில்லை, ஆஸ்பத்திரிச் சுவர்தான் தெரிந்தது. அழுகைச் சத்தம் முதலில் வந்தது, அதற்குப் பிறகுதான் வார்த்தை. கால் மணி நேரத்துக்கு முன்னால் போய்விட்டாராம்.

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. என் ஃபோனை அவனிடமே விட்டுவிட்டு அவன் ஊர் போய்ச் சேரும்வரை வைத்துக்கொள்ளச் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில், இப்போது யாரிடமாவது பேச வேண்டுமா என்று கேட்காமல் மூடியைத் திறப்பதில்லை. இரண்டு வாரம் கழித்து ஜெபராஜ் தலை மொட்டையாகக் கடைக்கு வந்து ஃபோனைத் திருப்பிக் கொடுத்தான். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போகும்போது திரும்பி நின்று, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் போலக் கேட்டான்:

"கோளாறு என்னன்னு கடைசில தெரிஞ்சுதா அண்ணா?"

பாஸ்வேர்டு தப்பு என்று பெட்டி சொல்வதை நான் நம்புவதில்லை, எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லிவிட்டு வந்ததை இந்த வீடுகளில் யாரும் நம்பியதாகவும் தெரியவில்லை.